நூற்றிப் பதினெட்டு, எழுபத்தாறு

முதல் கேள்வியிலேயே பேனா நின்றுவிட்டது. "கடந்த ஒரு வாரத்தில் நான் நிம்மதியாக உணர்ந்தேன்." ஒன்று என்றால் ஒருபோதும் இல்லை, ஐந்து என்றால் எப்போதும். நடுவில் மூன்று இருக்கிறது. மூன்றை வட்டமிட்டால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஒன்று போட்டால் தமயந்தி மேடம் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவார், ஐந்து போட்டால் பொய் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். யாரும் திரும்பிப் பார்க்காத எண் எது என்பது எனக்கு நன்றாகத் தெரியும், இன்று காலையில்கூட அப்படி எழுதினேன், நூற்றிப் பதினெட்டு, எழுபத்தாறு. நூற்றிருபது எண்பது என்று எழுதியிருந்தால் வார்டில் லீலாவதி சிஸ்டர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்திருப்பார், பி.பி. பார்க்காமலே எழுதுகிற பிள்ளைகள் எல்லாரும் எழுதுவது அதைத்தான், அதனால் கொஞ்சம் இறக்கி எழுதினேன், உண்மை மாதிரி இருக்கட்டும் என்று. கையெழுத்தும் போட்டேன், வினோலியா, மூன்றாம் ஆண்டு நர்சிங். இப்போது மணி இரண்டு இருபது. ஏசி நேராக என் கழுத்தில் அடிக்கிறது, அறுபது பேர் குனிந்து வட்டம் போடுகிற சத்தம், முன்வரிசையில் பிரின்சிபல் மேடத்தின் கொண்டை அசையாமல் இருக்கிறது. கதவைச் சாத்திவிட்டார்கள். வாசலில் இருக்கிற நீலக் கூடையில் எல்லாருடைய போனும் கிடக்கிறது. ஒன்றுமில்லை, பதினாலாம் பெட்காரருக்கு ஒன்றுமிருக்காது, நேற்று ஆபரேஷன் முடிந்து நல்லபடியாகத்தானே வெளியே வந்தார், பித்தப்பையில் கல் என்பது தினமும் இரண்டு பேருக்கு எடுப்பது, நாளை வீட்டுக்குப் போய்விடுவார். மூன்று போட்டுவிட்டேன். அடுத்த கேள்வி.

இரண்டாவது கேள்வியும் ஓடவில்லை. பதினாலாம் பெட்டில் கிடப்பவர் பெயர் சங்கிலிபூதம், வயது ஐம்பத்துநான்கு, தென்காசிப் பக்கம் லாரி ஓட்டுகிறவர், வார்டில் எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறோம். ஆறு மணிக்கு நைட் சிஸ்டர் எடுத்த பி.பி. சரியாக இருந்தது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்ப்பது, பத்து மணிக்கு நான் எடுக்கவேண்டும். என் கையில் இருந்த கருவியில் பம்ப்பு காற்றைப் பிடிக்கவில்லை, அழுத்த அழுத்த முள் தொண்ணூறுவரை ஏறி, பெருமூச்சு விட்டதுபோல் இறங்கியது. நல்ல கருவி ஒன்றே ஒன்று, அது வார்டின் மறுகோடியில் என் வகுப்பு சபூராவிடம் இருந்தது. "வேகமா முடிங்க பிள்ளைகளா, ரவுண்ட்ஸ் மாடி ஏறியாச்சு, சார்ட் காலியா கெடந்தா என் தலைதான் உருளும்" என்று லீலாவதி சிஸ்டர் கத்தினார். இரண்டாம் தடவையும் அழுத்தினேன், ஸ்டெத்தை முழங்கை மடிப்பில் வைத்துக் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. அண்ணாச்சி முழித்துத்தான் இருந்தார். "ஏ பிள்ள, உள்ள என்னமோ மாதிரி இருக்கு" என்றார். "என்ன மாதிரி அண்ணாச்சி? வலிக்கா?" "வலி இல்ல. சொல்லத் தெரியல." "வயித்துல கத்தி வச்சா ரெண்டு நாள் அப்படித்தான் இருக்கும் அண்ணாச்சி" என்றேன். நான் சொன்னேன். எனக்கு என்ன தெரியும் என்று சொன்னேன்? அவர் மனைவி உலகம்மாள் சொம்பை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள், "காலைலருந்து தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே கெடக்காவ, குடுக்கலாமா பிள்ள?" "கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்கம்மா." அதற்குள் படியில் பூட்ஸ் சத்தம். எழுதினேன். சர்ஜன் மோகன்தாஸ் சார் வந்தார், சார்ட்டைப் பார்த்தார், "குட், நாளைக்கு வீட்டுக்குப் போலாம்" என்று அடுத்த பெட்டுக்கு நகர்ந்தார். அவர் குட் என்றது அண்ணாச்சியை இல்லை, நான் எழுதிய எண்ணை.

"பேனாவை வச்சிருங்க, மீதியைக் கடைசியில போட்டுக்கலாம்" என்று தமயந்தி மேடம் மைக்கில் சொன்னார். மனநல நர்சிங் பாடம் எடுக்கிறவர், முப்பது வயதுதான் இருக்கும், இந்த வகுப்பு அவருடைய பிஎச்டிக்கு. நேர்மறை உளவியல் என்று மேடைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறது, நாங்கள் பாசிட்டிவ் க்ளாஸ் என்போம். இன்று நாலாவது புதன். ஒவ்வொரு நாளும் படுக்கப்போகும் முன் அன்று நடந்த மூன்று நல்ல விஷயங்களையும் அவை ஏன் நடந்தன என்பதையும் நோட்டில் எழுதவேண்டும். முதல் வாரம் நாங்கள் சிரித்தோம், ரசத்தில் உப்பு சரியாக இருந்தது என்று எழுதியவள்கூட உண்டு. நானும் கேலிக்குத்தான் ஆரம்பித்தேன், ஆனால் இரண்டாம் வாரத்தில் ஒருநாள், பெண்கள் வார்டில் எட்டாம் பெட் பாட்டிக்கு நரம்பு கிடைக்காமல் மூன்று பேர் குத்திப் பார்த்துத் தோற்றபிறகு நான் முதல் குத்திலேயே ஊசி ஏற்றினேன், பாட்டி என் கன்னத்தைத் தடவினாள், அதை எழுதி, ஏன் நடந்தது என்ற இடத்தில் "நான் அவசரப்படவில்லை" என்று எழுதியபோது நெஞ்சுக்குள் எதுவோ இளகியது, அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன், வீட்டை விட்டு வந்து இரண்டரை வருடத்தில் அப்படித் தூங்கியதில்லை. நான் அவசரப்படவில்லை. இன்றைக்கு என்ன எழுதுவேன்? முதல் வகுப்பில் ஏன் நர்சிங் எடுத்தாய் என்ற கேள்விக்கு சேவை மனப்பான்மை என்று எழுதினேன், அதுவும் உண்மை இல்லை, பிளஸ் டூவில் வந்த மார்க்குக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை, பங்குச் சாமியார் வெளிநாட்டு வேலை கிடைக்கும் என்றார், அப்பா சரி என்றார். அறுபது பேரில் எத்தனை பேர் சேவை என்று எழுதியிருப்பார்கள்? மேடம் அதையெல்லாம் கூட்டிப் போட்டுப் படம் வரைந்து, திரையில் இப்போது நீலக் கோடு மேலே ஏறிப் போகிறது, மன நலம் நாலு வாரத்தில் இவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று காட்டுகிறார், பிரின்சிபல் மேடத்தின் கொண்டை மெதுவாக ஆடுகிறது. எங்கள் மூன்றுகளெல்லாம் சேர்ந்து ஏறுகிற கோடு.

இந்த வகுப்பு ஏன் வந்தது என்று யாரும் மேடையில் சொல்வதில்லை, எல்லாருக்கும் தெரியும். போன வருடம் மேரி ஷைனி அக்கா, எங்கள் ஹாஸ்டல் அறையில் ஜன்னலோரக் கட்டில். ஒரு மாத்திரையை ஒரு மணி நேரம் பிந்திக் கொடுத்தாள், அவளே போய்ச் சொன்னாள், சிஸ்டர் நான் பிந்திட்டேன் என்று. நோயாளிக்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு மாதம் ஒவ்வொரு வார்டிலும் அவள் உள்ளே நுழையும்போதே "வந்துட்டா, எல்லாரும் வாட்ச்சைப் பாத்துக்கோங்க" என்பார்கள், நாங்களும் சிரித்தோம், நானும் சிரித்தேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் உயிரை விடப் பார்த்தாள். பிழைத்தாள், அவள் அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போனான், கொடியில் அவளுடைய பச்சைத் துண்டு ஒரு மாதம் கிடந்தது, யாரும் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு பாசிட்டிவ் க்ளாஸ் வந்தது. ஆனால் நாங்கள் கற்றுக்கொண்டது அதற்கு முந்தியே முடிந்துவிட்டது, சொன்னால் என்ன ஆகும் என்பது. சொன்னால் அப்பாவை வரச்சொல்வார்கள், அப்பா மினி பஸ்ஸை யாரிடமாவது விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு பிரின்சிபல் அறையில் நிற்பார், "மேடம் என்ன சொன்னாலும் சரி மேடம்" என்பார். அவர் கை எங்கே வைப்பதென்று தெரியாமல் முன்னாலும் பின்னாலும் போகும். வேண்டாம். அண்ணாச்சிக்கு ஒன்றுமிருக்காது. இரண்டு மணிக்கு யாராவது பி.பி. எடுத்திருப்பார்கள், இந்நேரம் எடுத்து எழுதியிருப்பார்கள். யார் எடுப்பார்கள்? முப்பது பெட்டுக்கு லீலாவதி சிஸ்டரும் இன்னொருவரும்தான். எடுப்பது நாங்கள்தான், மூன்றாம் ஆண்டு. மூன்றாம் ஆண்டு முழுவதும் இங்கே உட்கார்ந்திருக்கிறது.

"பக்கத்துல இருக்கவங்களப் பாத்துத் திரும்பி உக்காருங்க. இன்னைக்கு நீங்க நல்லாச் செஞ்ச ஒரு விஷயத்தைச் சொல்லுங்க, கேக்குறவங்க குறுக்க பேசக்கூடாது, முழுசாக் கேக்கணும், ரெண்டு நிமிஷம்." நாற்காலிகள் இழுபட்டன. சபூரா என் பக்கம் திரும்பி முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தாள். மேலப்பாளையத்துப் பிள்ளை, எதற்கும் பதறமாட்டாள், மெஸ்ஸில் என் பங்கு முட்டையையும் அவளே சாப்பிடுவாள். "நீ சொல்லு முதல்ல. என்னட்டி, மூஞ்சி வெளிறிக் கெடக்கு?" என்றாள். நான் அவளுடைய பேட்ஜைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், "பதினாலாம் பெட்டுக்கு நான் பி.பி. பாக்கல. எழுதிட்டேன்." அவள் திரும்பிப் பிரின்சிபல் மேடத்தைப் பார்த்துவிட்டு இன்னும் நெருங்கி வந்தாள். "கத்தாத. அவ்வளவுதானா? நான் இன்னைக்கு ரெண்டு பேருக்குப் பாக்காமதான் எழுதுனேன். எல்லாரும் எழுதுததுதான்." "அவரு ஆபரேஷன் கேஸ்ட்டி." "இருக்கட்டும். ரவுண்ட்ஸ்ல சார் பாத்தாரா இல்லையா? பெரிய டாக்டரே பாத்துட்டுப் போயாச்சு, உனக்கென்ன?" "சார் அவரப் பாக்கல. சார்ட்டப் பாத்தாரு." சபூரா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு, "முடிஞ்சதும் ஓடிப்போய்ப் பாத்துரு. மூணே காலுக்கு விட்டுருவாங்க. இப்ப எந்திரிச்ச, ஷைனி அக்கா கதைதான்" என்றாள். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தாள், "ஏட்டி, கை என்ன இப்படிச் சில்லுன்னு இருக்கு? ஏசி ஒத்துக்கலயா?" என்றாள்.

ஏசி. வார்டில் ஏசி கிடையாது. வார்டில் நாலு பேன், அதில் பதினாலாம் பெட்டுக்கு மேலே இருக்கிறது சுற்றுவதே தெரியாது, உலகம்மாள் முந்தானையால் வீசிக்கொண்டிருந்தாள், எனக்கே முதுகு நனைந்திருந்தது. அப்படியிருக்க அவர் கை ஏன் சில்லென்று இருந்தது? பட்டையைச் சுற்றும்போது அவர் முழங்கையைத் தூக்கிப் பிடித்தேனே, ஈரமாக இருந்தது, வேர்வை, ஆனால் சூடு இல்லை, குழாயடியில் வைத்த கை மாதிரி. எனக்குத் தெரிந்தது, என் விரலுக்குத் தெரிந்தது, நான்தான் கேட்கவில்லை. தாகம். குளிர்ந்து வேர்த்த தோல். உள்ளே என்னமோ மாதிரி. போன மாத இன்டர்னல் பரீட்சையில் ஐந்தாவது கேள்வி, உள்ளே ரத்தம் கசிவதற்கான அறிகுறிகளை எழுதுக, பத்துக்கு ஒன்பது வாங்கினேன், தாகம் எடுக்கும், தோல் குளிர்ந்து ஈரமாகும், நிலைகொள்ளாமை, நாடி விரையும், ரத்த அழுத்தம் குறையும், வரிசை மாறாமல் எழுதியிருந்தேன், ஹெலன் மேடம் ஓரத்தில் டிக் போட்டிருந்தார். தாளில் எழுதியபோது அதற்குக் கை கால் இல்லை, பெயர் இல்லை. இரண்டாம் தடவை அழுத்தியபோது ஒன்றும் கேட்கவில்லையே, அது பம்ப்பின் கோளாறா? தொண்ணூறுவரை ஏறியதே, தொண்ணூறிலிருந்து இறங்கும்போது காதில் ஏதாவது விழுந்திருக்கவேண்டும், ரொம்பத் தாழ்வாக இருந்தால் மெதுவாகத்தான் கேட்கும், லீலாவதி சிஸ்டர் கத்திக்கொண்டிருந்தார், நான் கேட்டேனா, கேட்டதுபோல் காதில் வைத்திருந்தேனா? இல்லை, நான் பெரிதாக்குகிறேன், மேடமே சொல்லியிருக்கிறார், மனம் கெட்டதையே பிடித்துக்கொண்டு சுற்றும், அதை நிறுத்தி மூச்சை இழுத்து விடுங்கள் என்று. இழுத்து விட்டேன். நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட்டு. நெஞ்சு கொஞ்சம் அடங்கியது, அடங்கியதும் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது, கை, ஈரம், சில்லென்று. மணி இரண்டு முப்பத்தெட்டு. பத்திலிருந்து நாலரை மணி நேரம். இன்னும் முப்பத்தேழு நிமிடம். முப்பத்தேழு நிமிடத்தில் ஒருவருக்கு என்ன ஆகும் என்பதைப் பாடத்தில் எழுதவில்லை. பாத்ரூம் என்று சொல்லிவிட்டுப் போகலாம், சற்றுமுன் கேட்ட பிள்ளையைப் பிரின்சிபல் மேடம் உட்காரச் சொல்லிவிட்டார். வாந்தி வருகிறது என்று சொல்லலாம். இன்னொரு பொய். அதற்கு மேல் இன்னொன்று. நான் எழுந்து நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை, சபூரா என் கோட்டைக் கீழே இழுத்தபோதுதான் தெரிந்தது.

"வெரி குட், வினோலியா முதல்ல வர்றா" என்று தமயந்தி மேடம் சிரித்தார். பகிர்ந்துகொள்ள எழுந்தேன் என்று நினைத்துவிட்டார். மைக் கைக்குக் கை மாறி வந்தது, கருப்பு, கனமானது, யாருடைய கைச்சூடோ அதில் இருந்தது. அறுபது முகமும் திரும்பின. பிரின்சிபல் மேடமும் திரும்பினார், இன்றைக்கு முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தேன், நல்லதைக் கேட்கத் தயாராக ஒரு சிரிப்பு. இப்போதுகூட வேறு ஏதாவது சொல்லலாம். ரசத்தில் உப்பு சரியாக இருந்தது என்று சொல்லலாம். "மேம்" என்றேன், என் குரல் நாலு மூலையிலிருந்தும் வந்தது. "பதினாலாம் பெட்டுக்கு காலைல பத்து மணிக்கு நான் பி.பி. பாக்கல மேம். பாத்தேன்னு எழுதிட்டேன். அவருக்குக் கை சில்லுன்னு இருந்துச்சு, தண்ணி கேட்டுக்கிட்டே இருந்தாரு. யாராவது இப்ப அவரப் பாக்கணும் மேம்." ஏசியின் உறுமல் கேட்டது. யாரோ பின்னால் "ஐயோ" என்றார்கள். பிரின்சிபல் மேடத்தின் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் முகத்திலேயே நின்றது, பிறகு, "என்ன சொல்றே நீ? வகுப்பு முடிஞ்சு என் ரூமுக்கு வா" என்றார். தமயந்தி மேடம் மேடையில் அப்படியே நின்றார், அவருக்குப் பின்னால் நீலக் கோடு ஏறிக்கொண்டிருந்தது. பிறகு கையிலிருந்த ரிமோட்டை மேசையில் போட்டார், அது உருண்டு கீழே விழுந்தது, இறங்கி வந்து நீலக் கூடைக்குள் கையை விட்டுத் தன் போனைத் தேடியெடுத்து வார்டுக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. "வா" என்றார் என்னிடம். பிரின்சிபல் மேடம் எழுந்து, "தமயந்தி, ப்ரோக்ராம்?" என்றார். தமயந்தி மேடம் கதவைத் திறந்துவிட்டார்.

ஹால் நாலாவது மாடியில். லிப்டுக்கு நிற்கவில்லை. காலேஜ் கட்டடத்திலிருந்து ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு ஒரு கூரை போட்ட நடைபாதை, வெயில் இரண்டு பக்கமும் கொதித்தது, மேடம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார், நான் அவருக்கு முன்னால் ஓடினேன், மரியாதை இல்லாமல். ஒன்றும் ஆகியிருக்கக்கூடாது, ஒன்றும் ஆகாமல் எல்லார் முன்னாலும் நான் பைத்தியக்காரியாக ஆனால் போதும், மாதாவே, நான் பைத்தியமாகவே இருக்கட்டும். வார்டு வாசலிலேயே தெரிந்துவிட்டது. அண்ணாச்சி ஒருக்களித்துப் படுத்து, புரண்டு, மறுபடி புரண்டு, கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார், உதடு சுண்ணாம்பு நிறம். "ஊசி போட்டதுலருந்து இப்படிக் கெடந்து உருளுதாவ, சிஸ்டர் வாரேன்னு சொன்னாவ, அந்தப் பக்கம் ஒருத்தருக்கு மூச்சு வாங்குது" என்றாள் உலகம்மாள். நல்ல கருவி மேசைமேல் இருந்தது. சுற்றினேன், அழுத்தினேன், கேட்டேன், இந்தத் தடவை கேட்டேன். எண்பதுக்கும் கீழே, தூரத்தில் யாரோ கதவைத் தட்டுவதுபோல. எழுபத்தெட்டு. நாடி நூற்று முப்பது. "சிஸ்டர்" என்று நான் கத்தியது எனக்கே அந்நியமாக இருந்தது. லீலாவதி சிஸ்டர் ஓடிவந்தார், கால் பக்கம் கட்டிலைத் தூக்கினோம், இன்னொரு சலைன் ஓடியது, மோகன்தாஸ் சார் கீழே ஓபியில் இருந்து இரண்டு இரண்டு படியாக ஏறி வந்தார். சார்ட்டைப் புரட்டினார். "பத்து மணிக்கு நூத்திப் பதினெட்டு இருந்திருக்கு. ஒண்ணரைக்கு ஆன்டிபயாடிக் போட்டிருக்கீங்க. அதுக்கப்புறம் திடீர்னு விழுந்திருக்கு. மருந்து ஒத்துக்கலன்னு நினைக்கிறேன், அதுக்கான ஊசியைப் போடுங்க, பாப்போம்." லீலாவதி சிஸ்டர் ஊசி எடுக்கத் திரும்பினார். நான் சொல்லிவிட்டேன் என்றல்லவா நினைத்தேன்? அறுபது பேர் முன்னால் சொன்னேனே, அது போதாதா, அது இங்கே வந்து சேரவில்லையா, என்னுடைய எண் இன்னும் அந்தத் தாளில் உட்கார்ந்துகொண்டு அவரிடம் பேசிக்கொண்டிருக்கிறதா? தமயந்தி மேடம் கட்டில் ஓரத்தில் மூச்சு வாங்க என்னைப் பார்த்தார். "சார், அந்த பத்து மணி பி.பி. நான் பாக்காம எழுதுனது" என்றேன். "அப்பவே கை குளிர்ந்து வேர்த்திருந்துச்சு. அப்பவே தண்ணி கேட்டாரு. உள்ள என்னமோ மாதிரி இருக்குன்னு சொன்னாரு சார்." அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்த அந்த ஒரு நொடியில் எவ்வளவு இருந்தது. ஆனால் அவர் திட்டவில்லை, அதற்கு நேரமில்லை. "அப்போ உண்மையான கடைசி ரீடிங் எப்போ?" "காலைல ஆறு மணிக்கு, சார்." அவர் அண்ணாச்சியின் வயிற்றில் கையை வைத்து அழுத்தினார், அண்ணாச்சி முனகினார். "இது மருந்து இல்ல, ரத்தம். உள்ள கசியுது, காலைலருந்தே. தியேட்டருக்குச் சொல்லுங்க, ஸ்கேன் எல்லாம் வேண்டாம்." பிறகு என்னிடம், "ஏய், நீ, பிளட் பேங்குக்கு ஓடு" என்றார். ஓடினேன்.

தியேட்டர் வாசலில் இரும்பு பெஞ்சு. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு. நான் ஏன் இன்னும் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், யாரும் இருக்கச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. உலகம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நீதான் க்ளாஸ்லருந்து ஓடியாந்து பாத்தியாம், சிஸ்டர் சொன்னாவ. நீ மட்டும் வரலன்னா..." என்றாள், மீதியை முடிக்க முடியவில்லை. இதை வாங்கிக்கொள்ளலாம். இது இப்படியே இருக்கலாம், யாரும் இவளிடம் போய்ச் சொல்லப்போவதில்லை. அவள் உள்ளங்கை சொரசொரப்பாக, சூடாக இருந்தது. "இல்லம்மா. காலைல நீங்க நிக்கும்போது நான் பி.பி. பாத்தேன்ல, அது சரியா வரல. சும்மா ஒரு நம்பர எழுதிட்டுப் போயிட்டேன். அப்பவே சரியாப் பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்." அவள் என்னைப் பார்த்தாள். புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. "உங்கிட்டதானே சொன்னாவ, உள்ள என்னமோ மாதிரி இருக்குன்னு." "ஆமாம்மா. எங்கிட்டதான் சொன்னாங்க." கையை எடுத்துக்கொண்டாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றுகூட. அவள் பெஞ்சின் அந்த ஓரத்துக்கு நகர்ந்து சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கழித்து, திரும்பாமலேயே கேட்டாள், "இப்ப உள்ள என்ன செய்யுதாவ? அதையாவது உள்ளபடி சொல்லு." சொன்னேன், வயிற்றைத் திறந்து ரத்தம் எங்கிருந்து வருகிறதென்று தேடுவார்கள், கண்டுபிடித்துக் கட்டுவார்கள், போன ரத்தத்துக்கு வேறு ரத்தம் ஏற்றுவார்கள் என்று. "பொழைச்சிருவாவளா?" "தெரியலம்மா." 

தமயந்தி மேடம் வந்து எனக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தார். "நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்குப் பிரின்சிபல் ரூம். அப்பாவையும் வரச்சொல்லி இருக்காங்க" என்றார். நான் தலையாட்டினேன். அப்பாவின் இஸ்திரி போட்ட சட்டை. "நானும் வரேன்" என்றார். எதற்கு என்பதுபோல் பார்த்திருக்கவேண்டும், அவர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு பேசினார், "ரெண்டு மணிக்கு பி.பி. பாக்குற நேரம்னு எனக்குத் தெரியும். வார்டுல ஒருத்தரைக்கூட விடாம அறுபது பேரையும் உக்கார வச்சது நான்தான். நம்பர் குறைஞ்சா என் ஸ்டடி கெட்டுப்போகும்னு. அதை நான்தானே சொல்லணும். ஷைனிக்கு அப்படி யாரும் கூட உக்காரல." எனக்கு முதன்முதலாக அவரைப் பார்த்துப் பயமில்லை. நாங்கள் மூன்று பேரும் ஒரே பெஞ்சில், நடுவில் நான். நாலரைக்கு விளக்கு அணைந்தது. மோகன்தாஸ் சார் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தார். "ஒரு சின்னக் குழாய், கட்டியாச்சு. ரத்தம் நின்னுடுச்சு. ரெண்டு நாள் ஐசியூல இருக்கட்டும்மா, பயமில்ல" என்று உலகம்மாளிடம் சொன்னார். போகும்போது என்னிடம், "காலைல அவர் சொன்னதை எல்லாம் நேரம் போட்டு எழுதிக் குடுத்துட்டுப் போ. எதையும் விடாம" என்றார். உலகம்மாள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். நான் எழுந்தேன். இரண்டு எட்டு வைத்திருப்பேன், "ஏ பிள்ள" என்றாள். "உள்ள அவ்வோளப் பாக்க என்னைய விடுவாவளா?" "அஞ்சு நிமிஷம் விடுவாங்கம்மா." "அந்த அஞ்சு நிமிஷத்துல அவ்வோ நல்லாருக்காவளான்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க எழுதி வச்சிருக்கத நான் இனி நம்பமாட்டேன்." அதில் கோபம்கூட இல்லை, ஒரு காரியத்தைப் பற்றிக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். நான் திரும்ப வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "கை சூடா இருக்கான்னு பாருங்கம்மா. அப்புறம் நாடி. பெருவிரலால பாக்கக்கூடாது, இந்த ரெண்டு விரல், இந்த எடத்துல வைக்கணும்" என்று என் மணிக்கட்டை நீட்டினேன். அவள் தயங்கிவிட்டு வைத்தாள். "துடிக்குதா?" "துடிக்கு." "அந்தச் சுவத்துக் கடிகாரத்துல செகண்ட் முள் ஒரு சுத்து சுத்தி வர்றதுக்குள்ள எத்தனைன்னு எண்ணணும்." அவள் உதடு அசைய எண்ணினாள், நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன், அவள் எண்ணுவது தப்பிவிடக்கூடாதென்று. "நூத்திப் பதினாலு" என்றாள். "இது கூடுதலா?" "கூடுதல்தாம்மா." அவள் முதன்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள். "பயந்து கெடக்கியோ?" என்றாள். "ஆமாம்மா." அவள் விரலை எடுக்கவில்லை. "பொறு, சரியா எண்ணுனனான்னு இன்னொருக்க பாக்கேன்" என்று கடிகாரத்தின் பக்கம் திரும்பினாள்.